பூத்த கோலும் பட்டியல் ஓலையும்: வீரமாமுனிவரின் மூன்று நூல்களில் தலைமையும் இறைவழிகாட்டலும்

1. முன்னுரை

தமிழ்க் காப்பிய இலக்கணம் காப்பியத் தலைவனுக்குத் தன்னிகரின்மையை விதிக்கிறது. பெருங்காப்பியத்துக்குத் தண்டியலங்காரம் வகுத்த இலக்கணங்களுள் இது தலையாயது. விவிலியத்தில் இறைவனால் அழைக்கப்படும் தலைவர்களோ தம் குறையைச் சொல்லிக்கொண்டே நம்முன் வருகின்றனர். மோசே தம் நாவின் தடுமாற்றத்தைக் கூறி விலகப் பார்க்கிறார். கிதியோன் தம் குடி எளியது என்கிறார். எரேமியா தம் இளமையைக் காரணம் காட்டுகிறார். ஒரு மரபு நிறைவைத் தலைமையின் நிபந்தனையாகக் கொள்கிறது; மற்றொரு மரபு குறையைத் தலைமையின் தொடக்கமாகக் கொள்கிறது. இவ்விரு மரபுகளும் தமிழில் நேருக்குநேர் சந்தித்த இடங்களுள் முதன்மையானது தேம்பாவணி.

இத்தாலியின் காஸ்திலியோனேயில் 1680இல் பிறந்து, மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்து, 1747இல் மறைந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் தேம்பாவணியை 1726இல் இயற்றினார். 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள் கொண்ட இக்காப்பியத்தைப் பற்றிய திறனாய்வுகள் பெரிதும் கம்பரின் தாக்கம், சிந்தாமணியின் சாயல், நாட்டு நகர வருணனை, ஆகிரெதா மரியாவின் நூலோடு அதற்குள்ள உறவு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. அயல்நாட்டார் ஒருவர் இதனை எழுதியிருக்க இயலுமா என்னும் வினாவும் நெடுங்காலம் நிலவியது. இவ்வினாக்களின் நிழலில் காப்பியத்தின் உள்ளீடான ஒரு சிக்கல் போதிய கவனம் பெறவில்லை. இறைவன் ஒருவரைத் தலைவராக்கும்போது அவருக்கு எதைக் கொடுக்கிறார்? எவ்வாறு வழிநடத்துகிறார்? அவ்வழிகாட்டலைப் பெற்றவரை எவ்வாறு அடையாளம் காண்பது?

தேம்பாவணியைத் தனியே வைத்துப் படித்தால் இவ்வினாக்களுக்குப் பாதி விடையே கிடைக்கிறது. அதே ஆசிரியரின் வேதியர் ஒழுக்கம், பரமார்த்த குருவின் கதை ஆகிய இரு உரைநடை நூல்களையும் உடன் வைத்துப் படிக்கும்போது அவ்விடை முழுமை பெறுகிறது. முதலாவது நூல் வழிநடத்தப்படும் தலைவனைப் பாடுகிறது. இரண்டாவது சிற்றூர்த் தலைவர்களைப் பயிற்றுகிறது. மூன்றாவது வழிகாட்டத் தகுதியற்ற குருவை நகைக்கிறது. தலைமை என்பது முதலில் வழிநடத்தப்படும் ஆற்றலே என்னும் கருத்து மூன்றிலும் ஊடுருவி நிற்பதையும், அக்கருத்தை ஆசிரியராலும் அவரது காலத் திருச்சபையாலும் இறுதிவரை தாங்கிக்கொள்ள இயலாமற்போனதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஆறு உடைமைகளும் ஒரு தச்சனும்

வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர். பொருட்பால் தலைமையின் நூல். அதன் முதல் அதிகாரமாகிய இறைமாட்சி, அரசனுக்கு வேண்டிய ஆறு உடைமைகளை எண்ணியே தொடங்குகிறது. படையும் குடியும் பொருளும் அமைச்சும் நட்பும் அரணும் பெற்றவனே அங்கு அரசருள் ஏறு. இந்நூலைச் சொற்சொல்லாக ஆய்ந்து பெயர்த்த ஒருவர் தம் காப்பியத்துக்குத் தலைவனாகத் தேர்ந்தெடுத்தவன் அவ்வாறனுள் ஒன்றும் இல்லாத ஒரு தச்சன். இது தற்செயலான தேர்வாக இருக்க இயலாது.

வளன் எனக் காப்பியம் பெயரிடும் சூசை, தாவீதின் வழித்தோன்றல். அதனாலேயே அவன் பிறப்பைக் கூறும் வளன் சனித்த படலம், தாவீது கோலியாத்தை வென்ற கதையையும் விரிவாகப் பாடுகிறது. ஆயினும் அரச மரபு அவனிடம் நினைவாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. நற்செய்தி நூல்களில் அவனுக்கு ஒரு சொல்கூடப் பேச்சில்லை. மத்தேயு நற்செய்தியின் முதல் இரு அதிகாரங்களில் அவன் உறங்குகிறான், கனவு காண்கிறான், எழுகிறான், செய்கிறான். பேச்சற்ற ஒருவனை விருத்தங்களின் தலைவனாக்குவது எக்கவிஞருக்கும் இடர்ப்பாடான பணி. ஆசிரியர் அவ்விடர்ப்பாட்டை அறிந்தே ஏற்றிருக்கிறார்.

இங்கு ஒரு சொல்லாய்வு துணைபுரியும். எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் நான்காம் அதிகாரம், திருத்தூதர், இறைவாக்கினர், மேய்ப்பர், போதகர் ஆகியோர் எதற்காக அளிக்கப்பட்டனர் என்பதைக் கூறுகிறது. அங்கு வரும் கிரேக்கச் சொல் கத்தார்த்திஸ்மொஸ். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதனைச் சீர்பொருந்துதல் எனப் பெயர்த்தது. இச்சொல்லின் வேரிலிருந்து வந்த வினையே, கலிலேயக் கடலோரத்தில் யாக்கோபும் யோவானும் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்ததைக் குறிக்கவும் மாற்கு நற்செய்தியில் ஆளப்படுகிறது. பிசகிய எலும்பைப் பொருத்துவதற்கும் கிரேக்க மருத்துவ நூலார் இச்சொற்குடும்பத்தை வழங்கினர். ஆகவே இறைவன் தலைவர்களை ஆயத்தப்படுத்துதல் என்பது, படைக்கலம் கொடுத்து அனுப்பும் செயலைவிட, கிழிந்த வலையைச் சீராக்கும் செயலுக்கே நெருக்கமானது. பொருட்பாலின் அரசன் உடைமைகளால் தலைவனாகிறான். விவிலியத்தின் தலைவன் தன் கிழிசல் பொருத்தப்படுவதால் தலைவனாகிறான். வளனைத் தேர்ந்தபோது வீரமாமுனிவர் இவ்வேறுபாட்டைத் தமிழ்க் காப்பிய மரபின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

3. கோலின் மூன்று நிலைகள்

தமிழிலக்கியத்தில் ஆட்சியின் குறியீடு கோல். நேரிய ஆட்சி செங்கோன்மை. அதன் திரிபு கொடுங்கோன்மை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் தன் தீர்ப்பின் பிழையை உணர்ந்த கணத்தில் தளர்ந்த செங்கோலனாக உயிர்விடுகிறான். கோல் அங்கு அரசனின் நீதிக்கு அளவுகோல். அது நிமிர்ந்திருப்பதும் வளைவதும் அரசனின் செயலைப் பொறுத்தவை.

விவிலியத்தில் கோல் வேறு தொழில் செய்கிறது. ஓரேபு மலையடியில் மோசேயின் கையில் இருந்தது ஆடு மேய்க்கும் கோல். எகிப்தின் அரசன்முன் நிற்கப் புதிய ஆயுதம் எதுவும் அவருக்கு வழங்கப்படவில்லை. கையிலிருந்த கோலே கருவியாயிற்று. எண்ணாகமத்தின் 17ஆம் அதிகாரத்தில், தலைமை யாருக்கு என்ற பூசல் எழுந்தபோது, 12 குலங்களின் கோல்களும் உடன்படிக்கைக் கூடாரத்தில் வைக்கப்படுகின்றன. மறுநாள் ஆரோனின் கோல் துளிர்த்துப் பூத்து வாதுமைக் காய்களைத் தாங்கியிருக்கிறது. வேரிலிருந்து வெட்டப்பட்ட கட்டை தானாகப் பூப்பதில்லை. கோலுக்குரியவன் அம்மலர்ச்சிக்கு எதுவும் செய்யவில்லை என்பதே அக்கதையின் உயிர்.

சூசையின் கோல் பூத்ததாகக் கூறும் பழைய திருச்சபை மரபு இந்நிகழ்வின் எதிரொலி. தேம்பாவணியின் திருமணப் படலம் அம்மரபை ஏற்று, மரியாளுக்குத் துணைவனைத் தேரும் அடையாளமாக அதனை அமைக்கிறது. சுயம்வரத்தில் வில்லை முரித்தோ விலங்கை அடக்கியோ தலைவியைப் பெறும் காப்பியத் தலைவர்களை அறிந்த தமிழ்க் கற்பனைக்கு இக்காட்சி புதியது. கம்பரின் இராமன் வில்லை எடுத்ததும் முரித்ததும் அவன் தோளின் ஆற்றல். வளனின் கையில் நிகழ்வது அவனையே வியக்க வைக்கும் ஒன்று. அதன் பின்னரும் அவன் பெறுவது ஆட்சியுரிமை அன்று, காக்கும் பொறுப்பு. அடுத்து வரும் ஈரறம் பொருத்து படலத்தின் பெயரே குறிப்பிடுவதுபோல, இல்லறமும் துறவறமும் ஒருங்கே தாங்கும் வாழ்வுக்குள் அவன் நுழைகிறான். செங்கோல் நிமிர்ந்து நிற்பதால் பெருமை பெறுவது. பூத்த கோல் பெற்றுக்கொண்டதால் பெருமை பெறுவது. இரண்டுக்கும் இடையிலான தொலைவே தேம்பாவணி தமிழ்த் தலைமைக் கருத்துக்கு அளித்த பங்களிப்பின் தொலைவு.

4. நீதிமானின் திருத்தம்

காப்பியத்தின் முதல் காண்டத்தில் ஐயந்தோற்று படலமும் ஐயநீங்கு படலமும் அடுத்தடுத்து நிற்கின்றன. கன்னியாகிய துணைவி கருவுற்றிருப்பதைக் கண்ட சூசை, அவளை வெளிப்படையாக இழிவுபடுத்த விரும்பாமல் மறைவாக விலக்கிவிட எண்ணுகிறான். மத்தேயு அவனை நீதிமான் என்று அழைப்பது இவ்விடத்தில்தான். அவனது முடிவு தீயது அன்று. சட்டத்துக்கும் இரக்கத்துக்கும் இடையே ஒரு நல்ல மனிதன் எட்டக்கூடிய முடிவுகளுள் அதுவே சிறந்தது. ஆயினும் அது திருத்தப்படுகிறது.

இறைவழிகாட்டல் பற்றிய எளிய புரிதல், தீயதிலிருந்து நல்லதற்குத் திருப்புவதாகவே அதனைக் காண்கிறது. இங்குத் திருத்தப்படுவது ஒரு நன்முடிவு. தலைவனின் அறிவும் நீதியும் போதிய அளவு இருந்தும், அவற்றால் எட்ட இயலாத உண்மை ஒன்று அவனுக்கு வெளியே இருக்கிறது. ஐயநீங்கு படலத்தின் பொருள் இதுவே. மீண்டும் பாண்டியனை நினைவுகொள்ளலாம். பொற்கொல்லனின் சொல்லைக் கேட்ட அவன் ஆராயாது ஆணையிட்டான். உண்மை அவனுக்குத் தெரியவந்தபோது கோவலன் உயிரோடில்லை. சூசையோ முடிவெடுத்தும் அதனைச் செயற்படுத்தாமல் ஓர் இரவு காத்திருந்தான். அக்காத்திருத்தலின் இடைவெளியில்தான் கனவு நுழைகிறது. பாண்டியனின் பெருமை பிழையுணர்ந்து உயிர்விட்டதில் இருக்கிறது. சூசையின் பெருமை பிழைக்குமுன் நின்றதில் இருக்கிறது.

சூசைக்கு வரும் கனவுகள் நான்கு. மரியாளை ஏற்குமாறு ஒன்று. குழந்தையோடு எகிப்துக்கு ஓடுமாறு ஒன்று. ஏரோது இறந்தபின் திரும்புமாறு ஒன்று. யூதேயாவை விலக்கிக் கலிலேயாவுக்குச் செல்லவைக்கும் எச்சரிக்கை ஒன்று. இவற்றுள் எதுவும் முழுப் பயணத்தையும் முன்கூட்டிக் காட்டவில்லை. எகிப்தில் எத்தனை ஆண்டுகள் தங்க வேண்டும் என்பது சொல்லப்படவில்லை. மீண்டும் அறிவிக்கப்படும்வரை தங்க வேண்டும் என்பதே சொல்லப்படுகிறது. வழிகாட்டல் அடுத்த அடியளவே கிடைக்கிறது. மேலும் நான்கு கனவுகளும் தாயையும் சேயையும் பற்றியவை. தலைவனின் நலனையோ புகழையோ பற்றி ஒன்றும் இல்லை. வழிகாட்டல் உண்மையானதா என்று உரைத்துப் பார்க்க மத்தேயு தரும் உரைகல் இது எனலாம்: அது எளியவர் ஒருவரைக் காக்கும் செயலில் முடிகிறது.

5. பயணத்தில் சொல்லப்படும் வெற்றிகள்

இரண்டாம் காண்டம் பைதிரம் நீங்கு படலத்தோடு நாட்டைவிட்டு வெளியேறுகிறது. எகிப்தை நோக்கிய அவ்வழிப்பயணத்தின் ஊடே இசுரயேலின் பழைய தலைவர்களின் கதைகள் கூறப்படுகின்றன. யோசுவாவின் வெற்றி சோசுவன் வெற்றிப் படலமாகவும், கிதியோனின் வெற்றி சேதையோன் வெற்றிப் படலமாகவும் அமைகின்றன. சிம்சோனின் கதையும் இடம்பெறுகிறது. காப்பிய மரபில் கிளைக்கதைகள் இயல்பானவை. எனினும் இவை வைக்கப்பட்ட இடம் சிந்திக்கத்தக்கது. பகைவனுக்கு அஞ்சி இரவில் ஓடும் ஒரு குடும்பத்தின் பயணத்தில், பகைவரை வென்ற படைத்தலைவர்களின் கதைகள் ஒலிக்கின்றன. முதற்பார்வைக்கு இது முரணாகத் தோன்றும்.

முரணைத் தீர்ப்பது கிதியோனின் கதை. நியாயாதிபதிகள் நூலில் அவன் மீதியானியருக்கு அஞ்சி, திராட்சை ஆலையில் ஒளிந்து கோதுமை அடித்துக்கொண்டிருக்கும்போது அழைக்கப்படுகிறான். 32,000 பேர் அவன்பின் திரள்கின்றனர். அச்சமுடையோர் திரும்பலாம் என்றதும் 22,000 பேர் சென்றுவிடுகின்றனர். எஞ்சிய 10,000 பேரும் நீர்க்கரையில் சோதிக்கப்பட்டு 300 பேராகச் சுருக்கப்படுகின்றனர். அவர்கள் கையில் எக்காளமும் வெறும் பானையும் பானைக்குள் தீவட்டியும் கொடுக்கப்படுகின்றன. வெற்றியைத் தம் கையின் வலிமை எனக் கருதாதிருக்கவே இச்சுருக்கம் என்று நூல் காரணம் கூறுகிறது. பொருட்பாலின் படைமாட்சி பேசும் படைப்பெருக்கத்துக்கும் உறுதிக்கும் எதிர்த்திசையில் செல்லும் கணக்கு இது. இங்குத் தலைவன் ஆயத்தமாவது கூட்டலால் நிகழவில்லை, கழித்தலால் நிகழ்கிறது.

சிம்சோனின் கதை இதற்கு எச்சரிக்கையான மறுபக்கம். வலிமை கொடையாகக் கிடைத்தது. அக்கொடை தன்னுடையது என்ற மயக்கமும் உடன் வளர்ந்தது. இழந்தபின்னரே அது யாருடையது என்பது தெளிவாயிற்று. இவ்வாறு படித்தால், 300 பேரோடு நின்ற கிதியோனுக்கு அடுத்த எண்ணாக மூவரோடு செல்லும் வளன் வந்து நிற்கிறான். படை முழுதும் கழிந்தபின் எஞ்சுவது ஒரு தாய், ஒரு சேய், அவர்களுக்குக் காவலாக ஒரு தச்சன். வெற்றிப் படலங்கள் வளனின் ஓட்டத்துக்கு முரண் அல்ல. அவ்வோட்டத்தின் பொருளை விளக்கும் உரை.

6. வேதியர் என்னும் சொல்

தேம்பாவணி முடிந்த சில ஆண்டுகளுக்குள், 1720களின் இறுதியில், வீரமாமுனிவர் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். தலைப்பின் இரு சொற்களும் ஆராயத்தக்கவை. பொதுத்தமிழில் வேதியர் என்பது அந்தணரைக் குறித்தது. கத்தோலிக்கத் தமிழில் அது ஊர்தோறும் மறைக்கல்வி புகட்டி, மன்றாட்டு நடத்தி, நோயுற்றோரைக் கண்டு, இறந்தோரை அடக்கம் செய்யும் பொதுநிலைப் பணியாளரைக் குறித்தது. பிறப்பால் வந்த தலைமைப் பெயர் ஒன்று பணியால் வரும் தலைமைப் பெயராக மாறிற்று. குருக்கள் மிகச் சிலரே இருந்த பரந்த மறைப்பணித்தளத்தில், ஒரு சிற்றூர் குருவைக் காண்பது ஆண்டில் அரிதான நிகழ்வு. இடைப்பட்ட காலமெல்லாம் சபையை நடத்தியவர் வேதியரே.

அவர்களுக்காக எழுதப்பட்ட நூலுக்கு வேதியர் கல்வி என்றோ வேதியர் அறிவு என்றோ பெயரிடாமல் வேதியர் ஒழுக்கம் என்று பெயரிட்டது பொருள் பொதிந்தது. ஒழுக்கமுடைமை அதிகாரத்தில், ஓதியதை மறந்தால் மீண்டும் கற்றுக்கொள்ளலாம், ஒழுக்கம் தவறினால் பிறப்பின் உயர்வும் கெடும் என்ற கருத்தை வள்ளுவர் கூறியிருப்பதும், அவ்வதிகாரத்தை ஆசிரியர் பெயர்த்தவர் என்பதும் இங்கு இணைத்து நோக்கத்தக்கன. பிறர்க்கு ஓதுவோன் தான் அதன்படி வாழ வேண்டும் என்ற தமிழ் அறமரபின் எதிர்பார்ப்பும், ஊழியர் தம் வாழ்வால் மாதிரியாக இருக்க வேண்டும் என்ற திருமுகங்களின் எதிர்பார்ப்பும் இத்தலைப்பில் ஒன்றுகின்றன. வளனின் கோலில் பூத்த கொடை, வேதியரிடத்தில் நாள்தோறும் பேணவேண்டிய நடையாகிறது. காப்பியம் அருளைப் பாடியது. உரைநடை அவ்வருளுக்கு ஏற்ற உழைப்பைக் கேட்டது.

7. ஆற்றங்கரையில் ஆறு பேர்

பரமார்த்த குருவின் கதை 1822இல் பாபிங்டனால் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சிடப்பட்டது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரோடு உழலும் குருவின் கதையைச் சைவ மடத்துக் குருமார்மீது தொடுக்கப்பட்ட எள்ளலாகப் படிப்பது வழக்கம். காலனியச் சூழலில் அந்நூல் அவ்வாறு பயன்பட்டதை மறுக்க இயலாது. ஆயினும் ஆசிரியர் அதற்குத் தாமே இலத்தீன் மொழிபெயர்ப்பை உடன் அமைத்தார். பேச்சுத்தமிழ் கற்க விரும்பிய அயல்நாட்டு மறைப்பணியாளர்க்கு அது பாடநூலாயிற்று. அதாவது, முதன்முதலில் அக்கதையைப் படித்துச் சிரிக்க வேண்டியவர்கள், நாளை ஊராரால் குருவே என்று அழைக்கப்படவிருந்தவர்கள். குருவாகப் போகிறவர் கையில் மூடக் குருவின் கதையைக் கொடுத்துத் தமிழ் கற்பித்தமை, எள்ளலின் முனையை வாசிப்பவர் பக்கமும் திருப்புகிறது.

அக்கதையின் மூன்று நிகழ்ச்சிகள் இக்கட்டுரைக்கு இன்றியமையாதவை. முதலாவது, எண்ணிக்கை. ஆறு உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்துக் கடந்தபின், கரையில் நின்று தம்மை எண்ணுகின்றனர். எண்ணுபவர் தம்மை விட்டு எண்ணுவதால் ஒருவர் குறைகிறார். இல்லாத இழப்புக்காக அழுகின்றனர். கிதியோனின் எண்ணிக்கை குறைந்தது இறைவனின் செயலால். இங்குக் குறைவது தன்னைத் தான் காணாமையால்.

இரண்டாவது, பட்டியல். குதிரைமேல் செல்லும்போது குருவின் தலைப்பாகை விழுகிறது. சொல்லப்படாததால் சீடர் எடுக்கவில்லை. விழுவதையெல்லாம் எடுக்கச் சொன்னதும் குதிரைச் சாணத்தை எடுக்கின்றனர். எடுக்க வேண்டியவற்றை ஓலையில் எழுதித் தந்தபின், குருவே பள்ளத்தில் விழுகிறார். ஓலையில் அவர் பெயர் இல்லை. பள்ளத்தில் கிடந்தபடியே அவர் தம்மையும் பட்டியலில் எழுதிக்கொடுத்த பின்னரே தூக்கப்படுகிறார். வழிகாட்டலை விதிப்பட்டியலாக்கிய தலைமை, தான் விழும்போது தன்னைத் தூக்கத் தெரியாத சபையையே உருவாக்கும் என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்லுதல் அரிது.

மூன்றாவது, அடையாளம். மரக்கிளையின் நுனியில் அமர்ந்து அடியை வெட்டிய சீடன் விழுவான் என்று முன்னுரைத்த அந்தணனை முக்காலமும் உணர்ந்தவனாகக் கருதி, குருவின் சாவு எப்போது என்று கேட்கின்றனர். இருக்கை குளிர்ந்தால் உயிர் போகும் என்ற விடையை நம்பிய குரு, உடல் நனைந்து குளிர்ந்த நாளில் சாவச்சத்தில் ஆழ்கிறார். சூசையும் ஓர் அடையாளத்தைப் பெற்றான். பரமார்த்தரும் ஒன்றைப் பெற்றார். சூசை பெற்றது பிறர் உயிரைக் காக்க எழச் செய்தது. பரமார்த்தர் பெற்றது தம் உயிரைப் பற்றிய அச்சத்தில் கட்டிப்போட்டது. அடையாளம் வந்தது என்பதால் மட்டும் ஒருவர் வழிநடத்தப்பட்டவர் ஆகார். இரு நூல்களையும் ஒருங்கே படிக்கும்போது தெளிவாகும் வேறுபாடு இது.

8. காப்பியமும் களமும் தடுமாறும் இடங்கள்

இக்கருத்தை வீரமாமுனிவர் முழுமையாகக் காப்பாற்றினாரா என்பது அடுத்த வினா. காப்பிய மரபின் ஈர்ப்பு வலியது. மூன்றாம் காண்டத்தின் இறுதியில் முடிசூட்டுப் படலம் வருகிறது. முடி வானுலகில் சூட்டப்படுகிறது என்பது உண்மை. இறையியல் நோக்கில் அது பொருத்தமானதும் ஆகும். ஆனால் செங்கோலுக்கு மாற்றாகப் பூத்த கோலை ஏந்தியவனை, அரசர்க்குரிய முடியோடு விடைகொடுத்து அனுப்பும்போது காப்பியம் தான் தொடங்கிய விவாதத்திலிருந்து ஓரடி பின்வாங்குகிறது. நற்செய்தியில் சூசை எவ்வித அறிவிப்பும் இன்றிக் கதையிலிருந்து மறைந்துவிடுகிறான். அந்த மௌனமான மறைவை விருத்தத்தால் தாங்க இயலவில்லை.

பின்வந்தோர் ஆசிரியருக்கும் இதையே செய்தனர். வித்துவான் முத்துசாமிப் பிள்ளை 1822இல் எழுதிய வரலாறு, முனிவரைப் பல்லக்கும் புலித்தோல் இருக்கையும் பரிவாரமும் சூழச் சித்திரிக்கிறது. சந்தா சாகிப்பின் திவானாகவும் காட்டுகிறது. ஆய்வாளர் பலர் இச்செய்திகளை ஐயுறுவர். செய்தி உண்மையோ அன்றோ, கூலித்தச்சனைத் தலைவனாகப் பாடியவருக்கு அடியார்கள் கொடுத்த உருவம் அரசனுடையது. தன்னிகரின்மை வேண்டும் மரபு, குறையில் தொடங்கும் தலைமையை எவ்வளவு விரைவாகத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது என்பதற்கு இது சான்று.

களத்தின் தடுமாற்றம் இதனினும் கனமானது. தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்தபின் உருவான அமைப்பில், உயர்சாதியினர்க்குச் சந்நியாசிகளும் ஏனையோர்க்குப் பண்டாரசுவாமிகளும் எனக் குருக்களே வகுக்கப்பட்டனர். குடியில் எளியவனான கிதியோனைப் பாடிய மறைப்பணித்தளம், தலைமையைச் சாதி எல்லைக்குள் பகிர்ந்தளித்தது. வேதியரிடம் துறவிக்கு நிகரான ஒழுக்கம் கோரப்பட்டது. சபையின் சுமை அவர் தோளில் வைக்கப்பட்டது. ஆயினும் மதுரைத் தளத்தில் தமிழ் வேதியர் குருத்துவத்துக்கு உயர்வது மிக அரிதாகவே இருந்தது. வீரமாமுனிவர் கடுமையாக எதிர்த்து எழுதிய தரங்கம்பாடி லூத்தரன் சபை, 1733இல் கடலூரைச் சேர்ந்த தமிழர் ஒருவரைக் குருவாகத் திருநிலைப்படுத்தியது. அவர் ஏற்றிருந்த திருமுழுக்குப் பெயர் ஆரோன். பூத்த கோலின் கதையை விருத்தத்தில் பாடிய அணி ஒன்று. அக்கோல் தமிழ்க் கையில் பூத்ததை முதலில் ஏற்பளித்த அணி மற்றொன்று. தரங்கம்பாடியும் சாதிச் சிக்கலிலிருந்து விடுபட்டிருக்கவில்லை என்பதையும் உடன் கூற வேண்டும். ஆயினும் இவ்வரலாற்று முரண் வேதியர் ஒழுக்கத்தின் வாசிப்பில் விடுபடலாகாது. ஒருவரை ஆயத்தப்படுத்துவதும் அவரைத் தலைவராக ஏற்பதும் இருவேறு செயல்கள். முன்னதைத் திறம்படச் செய்த அமைப்புகள் பின்னதில் தயங்கிய வரலாறு கிறித்தவத் தமிழுலகில் நீண்டது.

9. முடிவுரை

வீரமாமுனிவரின் மூன்று நூல்களையும் ஒன்றாக வைத்துப் படிக்கும்போது தலைமை பற்றிய ஒரு முழுமையான விவாதம் புலப்படுகிறது. இறைவன் தலைவருக்குக் கொடுப்பது கையிலிருக்கும் கோலின் மலர்ச்சி. அவரிடமிருந்து கேட்பது ஒழுக்கம். அவருக்குக் காட்டுவது அடுத்த அடி. பட்டியல் ஓலையை நம்பும் தலைமையும், தன் உயிருக்கு அஞ்சி அடையாளம் தேடும் தலைமையும் இதன் போலிகள். இவ்விவாதம் தமிழ்க் காப்பியத் தலைவனின் தன்னிகரின்மைக்கு ஒரு புதிய பொருளை முன்வைத்தது: பிறர்க்கு வழிகாட்டுபவன் தான் திருத்தப்படுவதற்கு இடம்கொடுப்பதில் நிகரற்றவனாக இருக்க வேண்டும்.

புலம்பெயர் தமிழ்ச் சூழலில் தேம்பாவணியின் இரண்டாம் காண்டம் தனிக் கவனத்துக்குரியது. ஈழத்திலிருந்து 1983க்குப் பின் வெளியேறிய பல்லாயிரம் குடும்பங்களுக்கு, இரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லை கடக்கும் தச்சனின் கதை உவமை அன்று, நினைவு. எகிப்திலிருந்து மீண்ட சூசை பெத்லகேமுக்குத் திரும்பவில்லை என்பதும் அவர்களுக்கு விளங்கக்கூடியது. அச்சத்தால் வழி மாறி, கலிலேயாவின் நாசரேத்தில் அவன் குடியேறினான். அயல்மண்ணில் தமிழ்ச் சபைகளையும் சங்கங்களையும் பள்ளிகளையும் கட்டியெழுப்பிய முதல் தலைமுறையினர் இப்போது பொறுப்பை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் காலம். கையளிக்கப்படுவது கோலா, பட்டியல் ஓலையா என்பதே அவர்கள்முன் உள்ள வினா. பட்டியலை எழுதுவது எளிது. கோல் இளையோர் கையில் பூக்கிறதா என்று ஓர் இரவு காத்திருப்பது கடினம். அக்காத்திருத்தலுக்கு வேண்டிய இலக்கியச் சான்று தமிழில் 1726 முதல் இருக்கிறது.